பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால்

எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியதற்காகக் கேரள அரசு கேட்ட 9,531 கோடி ரூபாய் இழப்பீட்டைக் கொள்ளை என்று சொல்பவர்கள் கொச்சியில் நிறையப் பேர். எம்எஸ்சி நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் வாதாடுவது அவர்கள் வேலை. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வெலிங்டன் தீவின் ஏஜென்சி அலுவலகங்களிலும் மட்டாஞ்சேரி பஜார் சாலையிலும், தலைமுறை தலைமுறையாகக் கடலால் பிழைத்த, விவரம் தெரிந்த மனிதர்கள் அதே வாதத்தைத் தங்கள் சொந்த நியாயமாக எடுத்துப் பேசுகிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பதில்.

உங்கள் வாதத்தை முதலில் நீங்கள் சொல்கிற வலுவோடே சொல்லிவிடுகிறேன். கப்பல் மூழ்கிய இடம் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு வெளியே. அங்கே மாநில அரசுக்கு அதிகாரம் கிடையாது. எரிபொருளில் பெரும்பகுதி கப்பலின் டேங்குகளுக்குள்ளேயே தங்கிவிட்டது. வெளியே வராத எண்ணெய்க்கு நஷ்டஈடு கேட்க முடியாது. அதை எடுக்கும் செலவையும் நிறுவனமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் கேட்பதெல்லாம் தண்டனை. கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்குச் சர்வதேச உடன்படிக்கையே உச்சவரம்பு வைத்திருக்கிறது. இதையும் மீறி நெருக்கினால் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கப்பல் வராது, நஷ்டம் நமக்குத்தான்.

இவற்றில் ஒன்றுகூட நிற்காது. ஏன் என்று சொல்கிறேன்.

நடந்தது எல்லோருக்கும் தெரியும் என்றாலும், வாதத்தில் மெல்ல மறைந்துவிடுகிற சில விவரங்களை எடுத்து வைக்க வேண்டும். 2025 மே 23 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குக் கிளம்பிய அந்தக் கப்பல், மறுநாள் கொச்சிக்குத் தென்மேற்கே 38 கடல் மைல் தொலைவில் 26 டிகிரி சாய்ந்தது. மே 25 காலையில் கவிழ்ந்து மூழ்கியது. புயல் அடிக்கவில்லை. வேறு கப்பல் மோதவில்லை. கப்பலைச் சமநிலையில் வைக்கும் பாலாஸ்ட் தண்ணீர் அமைப்பில் கோளாறு என்று தொடக்கத்திலேயே அதிகாரிகள் சொன்னார்கள். 1997இல் கட்டப்பட்ட, 28 வயதான கப்பல் அது. மாலுமிகள் 24 பேரையும் கடலோரக் காவல்படையும் ஐஎன்எஸ் சுஜாதாவும் உயிரோடு மீட்டன. கப்பலில் இருந்தவை: 640 கன்டெய்னர்கள், அவற்றில் 13இல் அபாயகரமான சரக்கு, அந்த 13இல் 12 கன்டெய்னர் கால்சியம் கார்பைடு. டேங்குகளில் 84.44 டன் டீசல், 367.1 டன் ஃபர்னஸ் ஆயில். தண்ணீர் பட்டால் கார்பைடு அசெட்டிலின் வாயுவை விடும், தீப்பற்றும். இதையெல்லாம் சுமந்துகொண்டு ஒரு பழைய கப்பல் தானாகக் கவிழ்ந்தது என்பதிலிருந்துதான் எந்த வாதமும் தொடங்க வேண்டும்.

டேங்க் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வாதத்தில் அதிகம் பேரை ஏமாற்றுவது அதுதான். எண்ணெய் உள்ளேதான் இருக்கிறது, ஆகவே சேதம் இல்லை என்கிறீர்கள்.

முதலில், எண்ணெய் கொஞ்சமும் வரவில்லை என்பது உண்மை இல்லை. கப்பல் மூழ்கியவுடன் கடலில் எண்ணெய்ப் படலம் பரவியது. காவல்படை மருந்து தெளித்து அதைக் கலைக்க வேண்டிவந்தது. சரி, அதை விட்டுவிடலாம். மீதி எண்ணெய் 50 மீட்டர் ஆழத்தில், உப்புத் தண்ணீரில், இரும்புத் தகட்டுக்குள் தங்கிவிட்டது. அந்தத் தகடு துருப்பிடிக்கும். எப்போது ஓட்டை விழும் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் ஜேக்கப் லுக்கன்பாக் என்ற சரக்குக் கப்பல் 1953இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வெளியே, ஏறக்குறைய இதே ஆழத்தில் மூழ்கியது. எல்லோரும் மறந்துபோனார்கள். பிறகு பல ஆண்டுகள் குளிர்காலப் புயல் வரும்போதெல்லாம் எண்ணெய் பூசிய கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் கரையில் செத்து ஒதுங்கின. எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. 2002இல்தான் அந்தப் பழைய கப்பலின் டேங்குகள் என்று கண்டுபிடித்தார்கள். மூழ்கி அரை நூற்றாண்டு கழித்து, ஒரு லட்சம் கேலன் அளவுக்கு எண்ணெயை உறிஞ்சி எடுத்தார்கள். 1953இல் நீங்கள் அங்கே இருந்திருந்தால், எண்ணெய் டேங்கிலேயே இருக்கிறது, சேதம் இல்லை என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

கரையில் இதே வாதத்தை யாரும் ஏற்பதில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு பெட்ரோல் பங்க்கின் நிலத்தடி டேங்க் சாதாரணமாக 20,000 லிட்டர் கொள்ளும். 2020 ஜனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பங்க்குகளுக்கு விதிமுறைகள் கொடுத்தது: பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கசிவு நேர்ந்தால் நிறுவனம் தெரிவிக்க வேண்டும், கெட்டுப்போன மண்ணையும் நிலத்தடி நீரையும் அது சீர்செய்ய வேண்டும். தண்டையார்பேட்டையில் 2013இல் போர்வெல் தண்ணீரில் பெட்ரோலிய வாடை வந்தபோது அங்கே இருந்த குடும்பங்கள் என்ன பாடுபட்டன என்று சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். பாரத் பெட்ரோலியத்தின் குழாய்க் கசிவு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மண்ணுக்குள் போன எண்ணெயை வெளியே கொண்டுவர எத்தனை ஆண்டு ஆகும் என்பதை அந்தத் தெருக்கள் கற்றுக்கொண்டன. எல்சா 3இன் டேங்குகளில் இருந்த ஃபர்னஸ் ஆயில் மட்டும் பதினெட்டு, பத்தொன்பது பங்க் டேங்குகள் நிறையும் அளவு. அத்தனை டேங்குகளை யாராவது மட்டாஞ்சேரியில் ஒரே இடத்தில் புதைத்துவிட்டு, தகடு துருப்பிடிக்கும்வரை கேள்வி கேட்காதீர்கள் என்றால், பஜார் சாலைக் கடைக்காரர் ஒருவராவது ஒத்துக்கொள்வாரா? கடலுக்கு அடியில் என்பதால் மட்டும் உங்கள் அளவுகோல் எப்படி மாறுகிறது?

அடுத்து, எண்ணெயை எடுக்கும் செலவை நிறுவனம்தானே ஏற்கிறது என்கிறீர்கள். எடுப்பது எப்படி என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஆழ்கடல் முக்குளிப்பாளர்கள் கீழே போய், டேங்கின் வெளித் தகட்டில் ஒரு வால்வைப் பொருத்தி, எண்ணெய் கசியாமல் துளை போட்டு, குழாயை இணைக்க வேண்டும். ஃபர்னஸ் ஆயில் ஆழத்தின் குளிரில் தார் மாதிரி இறுகும். சூடாக்கி இளக்கித்தான் மேலே இழுக்க முடியும். இதற்கு அமைதியான கடலும் தனிப்பயிற்சி பெற்ற ஆட்களும் சிறப்புக் கப்பலும் வேண்டும். மே மாத இறுதியில் மூழ்கிய கப்பலுக்கு ஜூலை தொடக்கம் என்று கெடு வைத்தார்கள். தென்மேற்குப் பருவமழை வந்துகொண்டிருந்த நேரம். ஒவ்வொரு நாளும் பொன்னானது. முதலில் அமர்த்திய மீட்பு நிறுவனம் பாதியில் விலகியது, வேறு நிறுவனம் வர வேண்டியதாயிற்று, கெடு தவறியது. தாமதத்துக்காகக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனத்துக்குக் கடுமையான நோட்டீஸ் அனுப்பியது. இதைத்தான் தாராள மனம் போல நீங்கள் முன்னால் வைக்கிறீர்கள். தன் டேங்கை அடுத்தவர் கடலிலிருந்து எடுப்பது உரிமையாளரின் முதல் கடமை. அந்தக் கடமை நிறைவேறக் காத்திருந்த காலத்தில் மீனவருக்கு ஏற்பட்ட நஷ்டம் வேறு கணக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்கக் கூடாது.

அந்த வேறு கணக்கைத்தான் நீங்கள் தொடவே மாட்டேன் என்கிறீர்கள்.

கப்பல் மூழ்கிய இடம் ஆலப்புழை மாவட்டத் தோட்டப்பள்ளிக்கு நேர் மேற்கே. அந்தக் கரையோரத்தில், அம்பலப்புழை முதல் புறக்காடு வரை, மழைக்காலத்தில் சாகரை விழும். கொந்தளிக்கும் கடலுக்கு நடுவே சேறு படிந்து அலை அடங்கிய ஒரு பகுதி. மீன் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். கேரளத்தில் ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவலைத் தடை. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் கடல் வள்ளக்காரருடையது. ஆண்டு முழுவதும் பெரிய படகுகளோடு போட்டியிட முடியாதவன், கடனை அடைப்பதும் வலை வாங்குவதும் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவதும் அந்த ஏழெட்டு வாரங்களில்தான். சாளையும் அயிலையும் முட்டையிடும் பருவமும் அதுவே. அந்தப் பருவத்தின் வாசலில், அந்த இடத்துக்கு நேர் வெளியே கப்பல் மூழ்கியது. மூழ்கிய இடத்தைச் சுற்றி 20 கடல் மைலுக்குள் போக வேண்டாம் என்றார்கள். போனவர்கள் வலையில் கன்டெய்னர் உடைசல் சிக்கி வலை கிழிந்தது. பிடித்து வந்த மீனை வாங்க ஆட்கள் தயங்கினார்கள். அரசு மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, பாதித்த மாவட்டங்களின் மீனவக் குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும் கொடுத்தது. ஒரு பருவத்துக்கு அதுதான் முதலில் கைக்கு வந்த ஈடு.

தமிழ் வாசகர்களுக்கு இது கேரளத்து விவகாரம் என்று தோன்றலாம், அப்படி அல்ல. மட்டாஞ்சேரிக்குப் பக்கத்துத் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருக்கும் ஆழ்கடல் தூண்டில் படகுகளைப் போய்ப் பாருங்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று குமரி மாவட்டத்து ஊர்க்காரர்களின் உழைப்பு அது. சுறாவும் சூரையும் தேடி அரபிக்கடலின் ஆழத்துக்குப் போகிறவர்கள், கொச்சியில் ஏலம் விட்டு, குமரிக்குப் பணம் அனுப்புகிறவர்கள். அந்தக் கடல் அவர்களுக்கும் பிழைப்பு. கப்பலிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கொல்லம், திருவனந்தபுரம் கரைகளோடு நிற்கவில்லை. கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு தனுஷ்கோடி மணலில் வந்து படிந்தன. பாசிமணி அளவு உருண்டைகள். மீன் முட்டை என்று நினைத்து மீன்களும் பறவைகளும் விழுங்கும். மணலிலிருந்து அவற்றை முழுதாகப் பொறுக்கி எடுக்க ஒரு வழியும் இல்லை. சல்லடை வைத்துச் சலித்தவர்களைக் கேளுங்கள்.

இனி உங்கள் 12 கடல் மைல்.

1976ஆம் ஆண்டின் கடல் எல்லைகள் சட்டப்படி கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்சிக்குட்பட்ட நீர்ப்பரப்பு. 200 கடல் மைல் வரை பொருளாதார மண்டலம். அங்கே கடல் சூழலைக் காக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு. கப்பல் கிடப்பது ஏறக்குறைய 15 கடல் மைலில். ஆக, மூன்று கடல் மைல், ஐந்தாறு கிலோமீட்டர் வித்தியாசத்தில் கேரளம் வாய் மூட வேண்டும் என்பது உங்கள் வாதம். கப்பல் எங்கே கிடக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறீர்கள்; சேதம் எங்கே விழுந்தது என்பதைப் பார்க்க மறுக்கிறீர்கள். கன்டெய்னர்கள் கருநாகப்பள்ளிப் பக்கம் செறியழீக்கலில் கரையேறின. குருணைகள் கேரள மணலில் கிடந்தன. ஆட்சிக்குட்பட்ட நீர்ப்பரப்புக்குள் மீன்பிடி என்பது அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். தன் மண்ணிலும் தன் நீரிலும் தன் மக்களுக்கும் நேர்ந்த இழப்புக்கு ஒரு மாநிலம் வழக்குப் போடுவதற்கு, கேடு கிளம்பிய இடமும் தன் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று எந்த நீதி சொல்கிறது?

இதற்கு இந்தியாவிலேயே முன்னுதாரணம் உண்டு. 2011 ஆகஸ்ட் 4 அன்று மும்பைக்கு வெளியே சுமார் 20 கடல் மைலில் ராக் என்ற சரக்குக் கப்பல் 60,000 டன் நிலக்கரியோடும் டேங்குகளில் எண்ணெயோடும் மூழ்கியது. அதுவும் பழைய கப்பல். அந்த வழக்கிலும் எல்லைக்கு வெளியே என்ற வாதம் வந்தது. 2016 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தள்ளியது: பொருளாதார மண்டலத்தில் நடந்த மாசுக்கும் தனக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லி, கப்பல் நிறுவனங்கள் 100 கோடி ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. நிலக்கரிக்கு உரிய அதானி எண்டர்பிரைசஸ் 5 கோடி கொடுக்க வேண்டும் என்றது. சரக்குக்காரரையே விடாத அந்தத் தீர்ப்பை, இத்தனை கடல் சட்டம் பேசுகிற நீங்கள் ஒருமுறைகூடக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை.

பொறுப்புக்கு வரம்பு என்பதுதான் உங்கள் கடைசிக் கோட்டை. 1976ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்திருக்கிறது. கப்பலின் டன் அளவைக் கணக்கிட்டு ஒரு தொகை வரும். அதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்க முடியாது என்கிறீர்கள். அந்த உடன்படிக்கையின் 4ஆம் பிரிவையும் சேர்த்துச் சொல்லுங்கள். சேதம் விளையும் என்று தெரிந்தும் பொருட்படுத்தாமல் உரிமையாளர் தாமே ஒன்றைச் செய்தாலோ செய்யாமல் விட்டாலோ அந்த வரம்பு அவருக்குக் கிடைக்காது. 28 வயதான கப்பலின் பாலாஸ்ட் அமைப்பு எந்த நிலையில் இருந்தது, யாருக்கு எப்போது தெரிந்தது, கிளம்பும் முன் யார் சரிபார்த்தார்கள் என்பவை விசாரணையில் வர வேண்டிய விடைகள். அவை வருவதற்கு முன்பே வரம்பைச் சொல்லிக் கதவை அடைப்பது, விசாரணையையே வேண்டாம் என்பதற்குச் சமம்.

வரம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1734இல் போட்ட சட்டத்தின் வழித்தோன்றல் அது. லண்டனில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு, மாதக்கணக்கில் கடலில் இருக்கும் தன் கப்பலில் கேப்டனும் ஆட்களும் என்ன செய்கிறார்கள் என்று தெரியவே வழியில்லாத காலம். முதல் போட்டவன் கப்பலை இழப்பதோடு நிற்கட்டும், வீட்டையும் இழக்க வேண்டாம் என்ற ஏற்பாடு. இன்று ஜெனீவாவில் இருக்கும் எம்எஸ்சி அலுவலகத்துக்கு உலகின் எந்தக் கடலில் எந்தக் கப்பல் எந்த வேகத்தில் போகிறது என்பது நொடிக்கு நொடி செயற்கைக்கோள் வழியே தெரியும். அன்றைய நியாயம் போய்விட்டது; சலுகை மட்டும் மிச்சம்.

இந்தியச் சட்டத்தில் இன்னொரு கொள்கை இருக்கிறது, அது நம் ஊரிலிருந்து போனது. பாலாற்றைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நாசமாக்கியபோது வேலூர் மக்கள் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும், அது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி. பாதிக்கப்பட்டவருக்குக் கொடுப்பது மட்டும் அல்ல, கெட்ட சூழலை மீட்கும் செலவும் அதில் அடக்கம் என்றது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் சிறிய தோல் ஷெட்டு வைத்திருந்தவர்கள் அந்தத் தீர்ப்புக்குப் பணம் கட்டினார்கள், சிலர் தொழிலையே மூடினார்கள். உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் நிறுவனத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது என்றால், அதற்கு ஒரு காரணம் சொல்லுங்கள்.

கப்பல் வேறொரு கம்பெனி பெயரில் லைபீரியாவில் பதிவு, நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பை நிரூபியுங்கள் என்ற குரலும் கேட்கிறது. ஒவ்வொரு கப்பலுக்கும் தனிக் கம்பெனி, வசதியான ஒரு கொடி என்பது இந்தத் தொழிலின் வழக்கம். கப்பல் போனால் கம்பெனியும் போயிற்று என்று கைவிரிக்க அது உதவும். 1999 டிசம்பரில் பிரெஞ்சுக் கரையில் எரிகா என்ற டேங்கர் இரண்டாக உடைந்தது. 24 வயதுக் கப்பல், பெயரளவில் வேறு யாருடையதோ. வாடகைக்கு எடுத்திருந்த டோட்டல் நிறுவனம் எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் வாதாடியது. 2012 செப்டம்பரில் பிரான்சின் உச்ச நீதிமன்றம் டோட்டலின் குற்றப் பொறுப்பையும் இழப்பீட்டுப் பொறுப்பையும் உறுதிசெய்தது. நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டுக் கடல்சார் உரிமைச் சட்டம் அதே உரிமையாளரின் வேறு கப்பலைப் பிடித்து வைக்க வழிசெய்கிறது. அந்த வழியில்தான் 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் விழிஞ்ஞத்தில் நின்ற எம்எஸ்சி அகிதேத்தா II கப்பலைத் தடுத்து வைத்தது.

விழிஞ்ஞம் என்றதும் நீங்கள் குரலைத் தாழ்த்துகிறீர்கள். துறைமுகத்தின் பெரிய வாடிக்கையாளர், பகைத்துக்கொள்ளக் கூடாது. வருத்தம் என்னவென்றால் அரசுமே தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தது. மே இறுதியில் நடந்த உயர்மட்டக் கூட்டத்தில், விழிஞ்ஞத்துக்கு அந்த நிறுவனம் வேண்டும், இப்போதைக்குக் குற்ற வழக்கு வேண்டாம், காப்பீட்டுத் தொகையில் கவனம் வைப்போம் என்று முடிவெடுத்ததாகச் செய்தி வந்தது. ஃபோர்ட் கொச்சி கடலோரக் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவானது ஜூன் 11 அன்றுதான். அதுவும் ஒருவர் கொடுத்த புகாரின் பேரில். 24 பேர் உயிர் பிழைத்ததே பெரிது என்ற நிலையில் ஒரு கப்பல் கவிழ்ந்திருக்கிறது, நஞ்சும் எண்ணெயும் கடலில் போயிருக்கின்றன. வழக்குப் பதிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. இந்தத் தயக்கத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. மக்கள் பணத்தை எதற்குச் செலவிட வேண்டும், நிறுவனத்திடம் வாங்குங்கள் என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது.

கப்பல் வராது என்ற பயமாவது உண்மையா? எல்சா 3 மூழ்கிய இரண்டே வாரத்தில், ஜூன் 9 அன்று, உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் ஒன்றான எம்எஸ்சி இரினா விழிஞ்ஞத்துக்கு வந்து நின்றது. ஏன் வந்தது? அங்கே கடல் இயற்கையாகவே ஆழம். சர்வதேசக் கப்பல் பாதை பத்து கடல் மைலில் இருக்கிறது. கப்பல் நிறுவனங்கள் ஆழத்தையும் தூரத்தையும் கட்டணத்தையும் பார்த்துத் துறைமுகத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்த ஊர் மீனவர் வழக்குப் போடுவாரா மாட்டாரா என்று பார்த்து அல்ல. கொழும்பைப் பாருங்கள். 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல் எரிந்து மூழ்கி, 1,600 டன்னுக்கு மேல் குருணைகளை நீர்கொழும்புக் கரையில் கொட்டியது. லண்டன் நீதிமன்றத்தில் அந்தக் கப்பலின் நிறுவனம் வாங்கிய வரம்பு 1.9 கோடி பவுண்டு. 2025 ஜூலை 24 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் கொடுக்க உத்தரவிட்டது. கொடுக்க மாட்டோம், வரம்பு முறையே குலைந்துவிடும் என்று நிறுவனம் மறுத்துவிட்டது. ஆனால் கொழும்புத் துறைமுகத்துக்குக் கப்பல் வருவது நின்றுவிட்டதா? இல்லை. உங்கள் பயமுறுத்தலுக்கு ஒரு உதாரணம்கூடக் கிடைக்காது.

கடைசியாக, 9,531 கோடி என்பதை உயர் நீதிமன்றமே ஏற்கவில்லையே என்கிறீர்கள். 2025 செப்டம்பரில் நீதிமன்றம், தடுத்து வைத்த கப்பலை விடுவிக்கக் கட்ட வேண்டிய ஈட்டுத்தொகையை 1,227.62 கோடியாக நிர்ணயித்தது உண்மை. அது வழக்கு முடியும்வரைக்குமான பிணைத்தொகை. இழப்பு எவ்வளவு என்ற தீர்ப்பு அல்ல. அதைத் தீர்ப்பு போலக் காட்டுவது தெரிந்தே செய்யும் திரிபு. குறைத்த பிறகும் ஆயிரம் கோடிக்கு மேல் பிணை கேட்கிற அளவுக்கு வழக்கில் பொருள் இருக்கிறது என்று நீதிமன்றம் கருதியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

அரசின் தொகை ஒவ்வொன்றும் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. 8,626.12 கோடி மாசுச் சேதத்துக்கு, 378.48 கோடி சூழலை மீட்க, 526.51 கோடி மீனவர்களின் பொருளாதார இழப்புக்கு என்று பிரித்திருக்கிறார்கள். மாசுச் சேதத்தின் கணக்கை அரசு ஆய்வுத் தரவுகளோடு நிரூபிக்கட்டும், நிரூபிக்காவிட்டால் குறையட்டும். எனக்கு உறுத்துவது வேறு. மொத்தத்தில் மீனவருக்கு என்று எழுதியது நூற்றுக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. சாகரைப் பருவத்தை இழந்த வள்ளக்காரனும், மீன் விற்கும் பெண்ணும், ஐஸ் உடைக்கிறவனும், தோப்பும்படியில் படகைக் கட்டிப்போட்ட தூத்தூர்க்காரனும் அந்த ஆறு ரூபாய்க்குள்தான் அடங்க வேண்டும். இதில் தமிழ்நாட்டுக் கரையின் இழப்பு சேரவே இல்லை. அதற்குத் தமிழ்நாடு அரசு தனியாகக் கேட்டாக வேண்டும்.

ஆகவே, பஜார் சாலையில் அடுத்த முறை கொள்ளை என்று பேசும்போது, அந்த 526.51 கோடியை எடுத்து மேசையில் வையுங்கள். எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு அதிகம் கேட்டிருக்கிறார்கள், எந்த நாள் கூலியைப் பொய்யாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று உருப்படி உருப்படியாகச் சொல்லுங்கள். பிணைத்தொகையிலிருந்து முதலில் பிரித்துக் கொடுக்க வேண்டியது அந்தப் பங்கைத்தான். மற்ற இரண்டின் மேல் நிறுவனமும் அரசும் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வாதாடிக்கொள்ளட்டும்.